பாலும் நுண்கிருமிகளும்

பாலைப் பற்றிப் பேச்செடுத்தவுடன் நம்மவர் முதலில் கேட்கும் கேள்வி, "தண்ணீர் எவ்வளவு கலந்திருக்கிறது?" என்பதாகும். இதற்கு விடை காண்பது அரிதன்று. பால்மானியை மிதக்கவிட்டால் ஓரளவு தெரிந்துவிடும். இரசாயனப் பரிசோதனை செய்தால் ஐயமறத் தெரிந்துவிடும். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2018-ஆம் ஆண்டில் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைத் திரட்டிச் சோதித்தபோது, உடல்நலத்துக்குக் கேடு செய்யத்தக்க கலப்படம் காணப்பட்டவை 12 மட்டுமே. ஆயினும் கலப்படத்தைப் பற்றிய அச்சம் நம் மனத்தை விட்டு அகன்றபாடில்லை. அந்த அச்சத்தில் ஒரு பகுதியையேனும் கண்ணுக்கும் நாவுக்கும் பால்மானிக்கும் புலப்படாத வேறொரு பொருளின் மீது செலுத்த வேண்டுமென்று நேயர்களைக் கேட்டுக்கொள்வதே இவ்வுரையின் நோக்கம். பாலில் வாழும் நுண்கிருமிகளையே இங்குக் குறிப்பிடுகிறோம்.

பால் கன்றுக்கு உணவாக அமைந்தது. அதில் சர்க்கரையும் புரதமும் கொழுப்பும் உப்புகளும் நீரும் தக்க அளவில் கலந்துள்ளன. கன்றுக்கு ஏற்ற இந்த உணவு, கிருமிகளுக்கும் அவ்வாறே ஏற்றதாய் இருக்கிறது. நோயற்ற மாட்டின் மடிக்குள் இருக்கும்போது பாலில் கிருமிகள் மிகக் குறைவு. வெளியே வரும் அந்த நொடியிலிருந்து அவை வந்து சேரத் தொடங்குகின்றன. மடியின் தோல், அதில் ஒட்டிய சாணம், கறப்பவரின் கை, பாத்திரத்தின் இடுக்கு, அதைக் கழுவிய நீர், காற்றில் பறக்கும் வைக்கோல் தூசு ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்கைச் செலுத்துகிறது. கறந்த பாலின் சூடு ஏறக்குறைய மாட்டின் உடற்சூடே. அந்த இளஞ்சூட்டில் சிலவகைக் கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிய வல்லவை. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இவ்வாறே தடையின்றிப் பெருகினால், ஒரே ஒரு கிருமி ஏழு மணி நேரத்தில் இருபது லட்சத்தைக் கடந்துவிடும். இது தாளின்மேல் போட்ட கணக்குத்தான். நடைமுறையில் தொடக்கத்தில் சற்றுத் தாமதம் ஏற்படுவதுண்டு. எனினும் விடியற்காலையில் கறந்த பால் நண்பகல் வரை வெயிலில் பயணம் செய்தால் என்ன ஆகும் என்பதை இக்கணக்கிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

கிருமிகள் யாவும் தீயவை என்று கருதலாகாது. பாலைத் தயிராக்குபவையும் கிருமிகளே. அவை பாலிலுள்ள சர்க்கரையை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. பால் புளிப்பதும், அடுப்பில் வைத்தவுடன் திரிந்துபோவதும் இவற்றின் செயலே. இல்லத்தரசி அத்தகைய பாலைக் கண்டவுடன் கொட்டிவிடுகிறாள். ஆதலால் அதனால் விளையும் தீங்கு பெரிதன்று. நோய்க்கிருமிகளோ இவ்வாறு எச்சரிக்கை தருவதில்லை. காசநோய், டைபாய்டு, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை விளைக்கும் கிருமிகள் நோயுண்டாக்கப் போதுமான அளவில் கலந்திருந்தும், பால் வெண்மையாகவும் இனிமையாகவும் மணமாகவும் இருத்தல் கூடும்.

இவ்வுண்மையை உலகம் உணர்ந்தது மத்தியதரைக் கடலிலுள்ள மால்ட்டா என்னும் சிறு தீவில். அத்தீவில் அக்காலத்தில் ஆங்கிலேயப் படைகள் தங்கியிருந்தன. படைவீரர்களை விட்டுவிட்டு வரும் ஒருவகைக் காய்ச்சல் பீடித்தது. மாதக்கணக்கில் நீடித்து, மூட்டுகளை வலியால் வாட்டி, சிலரை உயிரிழக்கவும் செய்த அக்காய்ச்சலுக்கு 'மால்ட்டாக் காய்ச்சல்' என்றே பெயர் வழங்கிற்று. டேவிட் புரூஸ் என்னும் இராணுவ மருத்துவர் 1887-இல் அதன் கிருமியைக் கண்டறிந்தார். ஆனால் அது மனிதருக்கு எவ்வழியாக வருகிறது என்பது அதன்பின்னும் பல ஆண்டுகள் விளங்கவில்லை. நீரையும் சாக்கடையையும் கொசுவையும் ஐயுற்றார்கள். அத்தீவில் ஆடுகளை வீதி வீதியாக ஓட்டி வந்து, வாங்குவோர் வாயிற்படியிலேயே பால் கறந்து கொடுப்பது வழக்கம். கண்ணெதிரே கறந்த பாலில் குற்றம் இருக்கலாம் என்று எவரும் எண்ணவில்லை. 1905-இல் தெமிஸ்டோக்ளிஸ் சாமிட் என்னும் மால்ட்டா நாட்டு மருத்துவர் அந்த ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தார். பார்வைக்கு யாதொரு நோயுமற்ற ஆடுகளின் இரத்தத்தில் அந்நோயின் அடையாளமும், அவற்றுட் சிலவற்றின் பாலில் அக்கிருமியும் காணப்பட்டன. அதே ஆண்டில் மால்ட்டாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஆடுகளை ஏற்றிச் சென்ற கப்பலில், அவற்றின் பாலைப் பருகிய மாலுமிகள் பலர் நோயுற்றார்கள். 1906-இல் படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் கொடுப்பது நிறுத்தப்பட்டது. படையினரிடையே அக்காய்ச்சல் வெகு விரைவில் அருகிப்போயிற்று.

புரூஸின் பெயரால் புரூசெல்லா என்று வழங்கும் இக்கிருமி நம் நாட்டிலும் உண்டு. ஆடுமாடுகளில் கருச்சிதைவையும் மனிதரில் நீண்ட காய்ச்சலையும் அது உண்டாக்குகிறது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசி போடுதலும் சேர்க்கப்பட்டது. பாலின் தூய்மைக்கான பணி தொழுவத்திலேயே தொடங்குகிறது என்பதற்கு இது சான்று. காசநோயைப் பொறுத்தும் இத்தகைய வரலாறு ஒன்று உண்டு. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த இராபர்ட் காக் என்னும் பேரறிஞரே, 1901-இல் இலண்டன் மாநாட்டில், மாட்டுக் காசநோயால் மனிதருக்கு அபாயம் மிகச் சொற்பம் என்று அறிவித்தார். ஐயுற்ற ஆங்கில அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. பத்தாண்டு ஆராய்ச்சிக்குப் பின் அக்குழு கூறிய முடிவு இதற்கு நேர்மாறானது: மாட்டுக் காசநோய் பாலின் வழியே மனிதரை, சிறப்பாகக் குழந்தைகளை, பற்றுகிறது.

ஆட்டைப் பார்த்தும் அறிய முடியவில்லை. பாலைச் சுவைத்தும் அறிய முடியவில்லை. பின் எவ்வாறு அறிவது? கிருமிகளை எண்ணுவதற்கு ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலமாகக் கையாளும் முறை மிக எளியது. பாலை மிகுதியான நீரில் படிப்படியாகக் கரைத்து, அதில் ஒரு துளியை உணவுச் சத்துக் கலந்த பாகுடன் சேர்த்து, தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் உறைய வைக்கிறார்கள். ஒவ்வொரு கிருமியும் தான் சிக்கிய இடத்திலேயே பெருகி, இரண்டொரு நாளில் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகிறது. புள்ளிகளை எண்ணினால் கிருமிகளின் தொகை கிடைக்கும். அப்பாகை உறைய வைக்கும் பொருள் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர்-அகர். அதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் பான்னி ஹெஸ்ஸே என்னும் பெண்மணி. காக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய தம் கணவர், கோடை வெப்பத்தில் இளகிப்போகும் ஜெலட்டினோடு போராடுவதைக் கண்டு, சமையலறையில் தாம் பயன்படுத்தி வந்த அகரைப் பரிந்துரைத்தார். இது நிகழ்ந்தது 1881-ஆம் ஆண்டையொட்டி. நம் மன்னார் வளைகுடாவில் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கும் பாசிகளிலிருந்தும் இன்று இப்பொருள் செய்யப்படுகிறது என்பது நம்மவரில் பலர் அறியாத செய்தி.

இம்முறையில் ஒரு குறை உண்டு. புள்ளிகள் தோன்ற இரண்டு நாள் ஆகும். அதற்குள் பால் பருகப்பட்டுவிடும். ஆகவே பால் வந்து இறங்கும் இடத்திலேயே விரைந்து சோதிக்க மற்றொரு முறை தேவையாயிற்று. பத்து மில்லிலிட்டர் பாலில் ஒரு மில்லிலிட்டர் மெதிலீன் நீலச் சாயக் கரைசலைச் சேர்த்து, உடற்சூடுள்ள நீரில் நிறுத்தி வைக்கிறார்கள். கிருமிகள் பெருகப் பெருகப் பாலிலுள்ள பிராணவாயுவைச் செலவழிக்கின்றன. அது குறைந்தவுடன் நீலம் வெளிறிப் பால் மீண்டும் வெண்மையாகிறது. ஐந்து மணி நேரம் வரை நீலம் மறையாவிடில் அது மிக நல்ல பால். அரைமணிக்குள் மறைந்துவிட்டால் கிருமிகள் மலிந்த பால். கிருமியைக் காணாமலே கிருமியின் மூச்சை அளக்கும் இம்முறையை நாம் மிகவும் மெச்சுகிறோம். கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கங்களில் இதற்கும் நேரமிராது. அங்கே மணம் பார்ப்பதும், சந்தேகம் தோன்றினால் சிறிது பாலைக் காய்ச்சித் திரிகிறதா என்று பார்ப்பதுமே வழக்கம். புளித்த பாலை மறைக்கச் சோடா உப்புச் சேர்ப்போர் இச்சோதனையை ஏய்த்துவிடுவர். அதற்காகவே ரோசாலிக் அமிலம் என்னும் பொருளைச் சேர்த்துப் பார்ப்பார்கள். சோடா உப்பு இருந்தால் பால் ரோஜாச் சிவப்பாகும்.

ஆனால் மொத்தக் கணக்கு போதாது. ஒரு லட்சம் புளிப்புக் கிருமிகளைவிடச் சில டைபாய்டுக் கிருமிகள் கொடியவை. ஒவ்வொரு நோய்க்கிருமியையும் தனித்தனியே தேடுவது, வைக்கோற்போரில் ஊசியைத் தேடுவதற்கு ஒப்பாகும். அது கிடைக்கவில்லை என்பதால் இல்லை என்று துணியவும் இயலாது. ஆதலின் விஞ்ஞானிகள் ஒரு சாட்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். மனிதர், மாடு ஆகியோரின் குடலில் எப்பொழுதும் கோடிக்கணக்கில் வாழ்வது எஷ்சரிக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1885-இல் கண்டறிந்த கிருமி. அதுவும் அதன் இனத்தைச் சேர்ந்தவையுமே கோலிஃபார்ம் என்று வழங்குவன. அவற்றுட் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் அவை காணப்படும் பாலில் சாணமோ, மலமோ, அசுத்த நீரோ கலந்திருக்கக் கூடும் என்பது பெறப்படும். அவ்வழியே நோய்க்கிருமிகளும் வந்திருக்கக்கூடும். இவற்றைக் கண்டறியும் ஏற்பாட்டில் ஒரு சோதனைக் குழாய்க்குள் மற்றொரு சின்னஞ்சிறு குழாயைத் தலைகீழாக நிறுத்துவார்கள். கோலிஃபார்ம் கிருமிகள் பாலின் சர்க்கரையை நொதிக்கச் செய்யும்போது எழும் வாயு, அச்சிறு குழாயின் உச்சியில் குமிழியாகத் தங்கிவிடும். சூடேற்றிச் சுத்தம் செய்த பாலில் இக்குமிழி தோன்றினால், சூட்டுக்குப் பின் எங்கோ அழுக்குச் சேர்ந்திருக்கிறது என்று ஆலையில் தேடத் தொடங்குவார்கள்.

இனிச் சூட்டைப் பற்றிக் கூறுவோம். பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1860-களில் திராட்சை மது கெடாதிருக்க அதை மிதமாகச் சூடேற்றும் வழியைக் கண்டார். அதைக் குழந்தைகளின் பாலுக்குக் கையாளலாம் என்று 1886-இல் கூறியவர் சாக்ஸ்லெட் என்னும் ஜெர்மானியர். நியூயார்க் நகரில் நேதன் ஸ்ட்ராஸ் என்னும் வணிகர் 1893 முதல் ஏழைக் குழந்தைகளுக்கு இவ்வாறு சூடேற்றிய பாலை வழங்கும் நிலையங்களை அமைத்தார். 1908-இல் சிகாகோ நகரம் இதைச் சட்டமாக்கிற்று. அக்காலத்தில் எதிர்ப்பும் இருந்தது. பாலின் சத்துக் கெடும் என்றார்கள், அழுக்குப் பாலை விற்க இது சாக்காகும் என்றார்கள். இரண்டாவது ஆட்சேபத்தை நாம் முற்றிலும் தள்ளிவிடுவதற்கில்லை.

ஒரு சொல்லைப் பற்றி இடையே கூறிவிடுகிறோம். அரசாங்கக் காகிதங்களைத் தமிழாக்கும் தொழிலிலுள்ள நமக்கு இச்சொல் பலமுறை எதிர்ப்பட்டதுண்டு. இப்பாலைச் சிலர் 'பதப்படுத்திய பால்' என்று எழுதுகிறார்கள். தோலும் புகையிலையும் கூடப் பதப்படுத்தப்படுகின்றன; எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்னும் உயிர்நிலைச் செய்தி அச்சொல்லில் இல்லை. ஆகவே கண்டவர் பெயரையே வைத்துப் பாஸ்டர்முறை என்று வழங்குவதே தெளிவென்று கருதுகிறோம்.

பாஸ்டர்முறையில் பாலைக் கொதிக்க வைப்பதில்லை. 63 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் 30 நிமிடம் வைப்பது ஒரு வழி. 72 டிகிரிச் சூட்டில் 15 விநாடி வைப்பது மற்றொரு வழி. இரண்டிலும் உடனே குளிரச் செய்தல் வேண்டும். பாலில் வரத்தக்க நோய்க்கிருமிகளுள் சூட்டைத் தாங்குவதில் வல்லது எதுவோ, அது மடியும் அளவே எல்லையாக வகுக்கப்பட்டது. முதலில் அவ்விடத்தில் காசநோய்க் கிருமி இருந்தது. கியூக் காய்ச்சலின் கிருமி அதைவிடச் சற்று அதிகமாகத் தாங்கும் என்று தெரிந்ததும், 1956-இல் அமெரிக்காவில் 30 நிமிட முறைக்குரிய சூட்டை ஏறத்தாழ ஒரு டிகிரி உயர்த்தினார்கள். பெரிய ஆலைகளில் பால் மெல்லிய உலோகத் தட்டுகளின் இடையே ஓடிச் சூடேறுகிறது. உரிய சூட்டை அடையாத பால் வெளிச்செல்லாதபடி ஒரு தானியங்கி அடைப்பான் அதை வந்த வழியே திருப்பிவிடுகிறது.

ஆலைக்காரர் உண்மையில் சூடேற்றினாரா என்பதை எவ்வாறு அறிவது? இங்கும் ஒரு சாட்சி கிடைத்தது. கறந்த பாலில் இயல்பாகவே பாஸ்பட்டேஸ் என்னும் நொதிப்பொருள் உண்டு. நோய்க்கிருமிகளை மடிவிக்கும் சூட்டுக்குச் சற்று மேற்பட்ட சூட்டில் அது அழிகிறது. 1930-களில் இங்கிலாந்தில் கே, கிரகாம் என்னும் இருவர் இந்தப் பொருத்தத்தைக் கண்டு, அதை ஒரு பரிசோதனையாக வகுத்தார்கள். தக்க மருந்தைக் கலந்து இளஞ்சூட்டில் வைத்தால், அந்நொதிப்பொருள் எஞ்சியுள்ள பால் மஞ்சள் நிறம் பெறும். சூட்டின் குறைவை மட்டுமன்றி, சூடேற்றிய பால் ஆயிரம் பங்கில் பச்சைப்பால் இரண்டு பங்கு கலந்திருந்தாலும் இது காட்டிக்கொடுக்கும் என்பர்.

நம் நாட்டில் இத்தொழில் பெரிய அளவில் வேரூன்றியது பம்பாய் நகரின் தேவையால். 1945-இல் பம்பாய்ப் பால் திட்டத்தின்கீழ், குஜராத்திலுள்ள ஆனந்தில் பாலைப் பாஸ்டர்முறையில் சூடேற்றிக் குளிரச் செய்து, நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் கடந்து அனுப்பத் தொடங்கினார்கள். 1946-இல் கேடா மாவட்ட உற்பத்தியாளரின் கூட்டுறவு ஒன்றியம் அமைந்தது. 1949-இல் அங்குச் சென்ற வர்கீஸ் குரியன், பழைய இயந்திரங்களைக் கொண்டு அனுப்பிய பால் பம்பாய் சேர்வதற்குள் புளித்துத் தள்ளப்படுவதைக் கண்டு, தட்டுவகை இயந்திரத்தை வாங்கச் செய்தார். சங்கத்தை நிலைநிறுத்தியதில் உற்பத்தியாளர் ஒற்றுமைக்கு அடுத்தபடியாக அவ்வியந்திரத்துக்கே இடம் தருவோம். தலைநகரில் தில்லிப் பால் திட்டம் 1959-இலும், மதர் டெய்ரி 1974-இலும் தோன்றின.

எனினும் ஆலையில் ஏற்றும் சூட்டைவிட, ஆலைக்கு வருமுன் கழியும் நேரமே முக்கியமானதென்று நாம் கருதுகிறோம். நான்கு டிகிரி அளவுக்குக் குளிர்ந்த பாலில் பெரும்பாலான கிருமிகள் ஏறக்குறைய உறங்குகின்றன, இறப்பதில்லை. மாட்டுக்கும் குளிர்த்தொட்டிக்கும் இடையிலுள்ள மணிக்கணக்கே அவற்றின் அறுவடைக் காலம். கிராமச் சங்கங்களிலேயே குளிர்த்தொட்டிகள் வைக்கப்படுவதன் காரணம் இதுவே. இதைப் பொருட்படுத்தாவிடில் என்ன நேரும் என்பதற்கு ஜப்பானில் நிகழ்ந்த ஒரு துயரம் சான்றாகும்.

2000-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், ஹொக்கைடோத் தீவில் ஸ்நோ பிராண்டு என்னும் பெரும் நிறுவனத்தின் ஆலையில் மின்சாரம் சுமார் மூன்று மணி நேரம் நின்றுபோயிற்று. அந்நேரத்தில் ஆலைக்குள் இருந்த பால் இளஞ்சூட்டிலேயே தங்கிவிட்டது. அதில் ஸ்டஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி பெருகிற்று. மனிதரின் மூக்கிலும் கைப்புண்ணிலும், மாட்டின் மடிநோயிலும் இது சாதாரணமாகக் காணப்படுவது. இக்கிருமி பெருகும்போது ஒரு நஞ்சைச் சுரக்கிறது. பின்னர் அப்பாலைச் சூடேற்றிப் பொடியாக்கினார்கள். கிருமிகள் மடிந்தன, நஞ்சு மடியவில்லை. கொதித்தலையும் தாங்கும் இயல்பு அதற்கு உண்டு. அப்பொடி ஒசாக்கா நகர ஆலைக்குச் சென்று, கொழுப்புக் குறைந்த பால் முதலியவற்றில் கலக்கப்பட்டது. ஜூன் இறுதியிலும் ஜூலையிலும் 13,000 பேருக்கு மேல் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. கிருமிகளை எண்ணும் கிண்ணத்தில் அப்பொடியை இட்டிருந்தால் இறந்துபோன கிருமிகள் புள்ளியாகத் தோன்றியிரா. சூடு போதுமா என்று பார்க்கும் சோதனையோ, போதும் என்றே விடை தந்திருக்கும். சாட்சிகள் பொய் சொல்லவில்லை. அவற்றிடம் கேட்கப்படும் கேள்வி வேறாக இருந்தது.

முடிவில் செய்யும் சோதனையை மட்டும் நம்பலாகாது என்பதை அமெரிக்க விண்வெளிப் பயணத்துக்கு உணவு தயாரித்தவர்கள் 1960-களிலேயே உணர்ந்தார்கள். ஐயமற அறிய வேண்டுமாயின் செய்த உணவில் பெரும்பகுதியைச் சோதனையிலேயே செலவழிக்க வேண்டியிருந்தது. ஆகவே அபாயம் புகக்கூடிய கட்டங்களை முன்கூட்டியே குறித்து, ஒவ்வொன்றிலும் சூடு, குளிர், நேரம் ஆகியவற்றை அளந்து எழுதிவைக்கும் முறையை வகுத்தார்கள். உலகின் உணவுத் தொழில் இன்று பெரும்பாலும் இம்முறையைத் தழுவியிருக்கிறது. நம் நாட்டில் 1954-இல் இயற்றிய சட்டத்தின் பெயர் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம். அதற்குப் பதிலாக 2006-இல் வந்தது உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம். அதன்கீழ் 2011-இல் வெளியான விதிகளில், தொழில் நடத்துவோர் கடைப்பிடிக்க வேண்டிய சுகாதார நடைமுறைகள் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. பெயர் மாற்றத்திலேயே நோக்கின் மாற்றமும் தெரிகிறது. ஆனால் நம் நாட்டில் உற்பத்தியாகும் பாலில் பெரும்பங்கு எந்த ஆலைக்கும் செல்வதில்லை. ஒரு பகுதி வீட்டிலேயே பயன்படுகிறது, மற்றொரு பகுதி பால்காரரின் கேனிலிருந்து நேரே நம் பாத்திரத்துக்கு வருகிறது. அங்கே பரிசோதகர் இல்லை, அடுப்பே காவல்.

பாக்கெட் பாலைக் காய்ச்ச வேண்டுமா என்று பலர் வினவுகிறார்கள். பாஸ்டர்முறையில் சூடேற்றி, உறை பிரியாமல், இடையறாது குளிர்ச்சியில் வைக்கப்பட்ட பாலைக் கிருமிகளின் பொருட்டு மறுபடி காய்ச்சத் தேவையில்லை. ஆனால் தில்லியில் மே மாதத்து விடியற்காலையிலேயே காற்று கொதிக்கிறது. பால் பெட்டிகள் கடைவாசலில் அடுக்கப்பட்டு, கடை திறக்கும்வரை காத்துக் கிடப்பதைக் காண்கிறோம். 'இடையறாது குளிர்ச்சியில்' என்னும் நிபந்தனை நிறைவேறியதா என்று வாங்குவோர் அறிய வழியில்லை. ஆகவே காய்ச்சுங்கள் என்றே கூறுவோம். பச்சைப்பாலுக்கோ ஐயமே வேண்டா. 'இயற்கையான பால்' என்று பண்ணையிலிருந்து நேரே தருவித்துக் காய்ச்சாமல் பருகும் புதுப்பழக்கம் பெருநகரங்களில் சிலரிடம் பரவி வருகிறது. புரூசெல்லாவும் இயற்கையானதே. குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் முதியோருக்கும் அதைக் கொடுப்பது வீண் துணிவாகும்.

காய்ச்சியதோடு வேலை முடிந்ததென்று எண்ணிப் பாத்திரத்தை மேடைமேல் மாலைவரை வைத்திருப்பதே நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் தவறு. சிலவகைக் கிருமிகள் கடினமான வித்துக்களாக மாறிக் கொதியைத் தாங்கிவிடுகின்றன. பால் வெதுவெதுப்பாக ஆறும்போது அவை மீண்டும் முளைக்கின்றன. வெறும் கையால் ஆடையை எடுத்தால், ஜப்பானில் கண்ட அதே கிருமி விரல் வழியே பாலுக்குள் புகலாம். பாத்திரத்தை மூடி, குளிர்ந்த நீர்த்தட்டில் வைத்து விரைவில் ஆறவிட்டு, ஆறியவுடன் குளிர்ப்பெட்டியில் வைத்தல் நலம். குளிர்ப்பெட்டியும் எல்லையற்ற காப்பன்று. லிஸ்டீரியா என்னும் கிருமி அந்தக் குளிரிலும் மெல்ல வளரும். மின்சாரம் நெடுநேரம் நின்றுபோகும் நாட்களில் பாலை மணக்க வைத்துப் பார்த்து முடிவு செய்வதைவிட, நின்ற நேரத்தைக் கணக்கிட்டு முடிவு செய்வது நல்லது. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், காலையில் காய்ச்சிய பால் மீந்தால், தாமதியாமல் உறைமோர் இட்டுவிடலாம். தயிரின் புளிப்பு வேறு பல கிருமிகளைத் தலையெடுக்க விடாது. ஆனால் உறைமோர் இடும் பால் நன்றாகக் காய்ச்சியதாக இருத்தல் வேண்டும். பச்சைப்பாலில் உறைந்த தயிருக்கு இந்தப் பொறுப்பை ஏற்க முடியாது.